சிமோ மாமாவின் சின்னக் கடற்கரை



விடிவதற்கு முன் எழுந்து வேலைக்கு ஓடுவது நம் குடும்பங்களுக்குப் புதிய செய்தி அல்ல. பெரட்டுக்குப் பிந்திவிட்டால் தண்டலின் வாயில் விழ வேண்டுமே என்று பயந்து ஓடிய காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால், ஓய்வெடுக்க வந்த இடத்தில் விடிவதற்கு முன் எழுந்து ஓடுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஸ்பெயின் நாட்டில், மத்தியதரைக் கடலோரத்தில், பெனிடோர்ம் என்றொரு பட்டணம் இருக்கிறது. கோடை வந்துவிட்டால் அங்கே இந்தக் கூத்தைப் பார்க்கலாம். இருட்டு விலகும் முன்பே ஆட்கள் குடையும் மடக்கு நாற்காலியுமாகக் கடற்கரைக்கு ஓடுவார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் குடையை நட்டு, நாற்காலியைப் போட்டுவிட்டு, திரும்ப அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்கள்! வெயில் ஏறிய பிறகு வந்து ‘இது என் இடம்’ என்று உட்காருவார்கள். இப்படி இடம் பிடிக்கக் கூடாது என்று நகராண்மைக் கழகம் தடையே போட்டிருக்கிறது. அவ்வளவு கூட்டம்.

அதே பட்டணத்தின் ஒரு கோடியில், ஒரு மலையின் காலடியில், சின்னஞ்சிறு கடற்கரை ஒன்று இருக்கிறது. நூறு மீட்டர் நீளம்கூட இராது. அதன் பெயர் ‘காலா டெல் தியோ சிமோ’. ‘காலா’ என்றால் பாறைகளுக்கு நடுவே ஒதுங்கிய சிறு குடா. ‘தியோ’ என்றால் மாமா அல்லது சித்தப்பா. சொந்தக்காரராக இல்லாவிட்டாலும் வயதில் மூத்தவர்களை அந்தப் பக்கத்துக் கிராமத்து மக்கள் அப்படித்தான் அழைப்பார்கள். நாம் மட்டும் என்னவாம்? லயத்தில் எந்தப் பெரியவரும் நமக்கு மாமாவும் தாத்தாவும்தானே! ‘சிமோ’ என்பது ஹோவாக்கின் என்ற பெயரைச் சுருக்கிச் செல்லமாகக் கூப்பிடுவது. ஆக, நம் மொழியில் சொன்னால் அது ‘சிமோ மாமாவின் குடா’.

கடப்பிதழ் வேண்டாம், விமானச் செலவும் இல்லை. வாருங்கள், இந்த இதழில் அந்தச் சின்னக் கரைக்குப் போய் வருவோம். பெரிய கடற்கரையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே, முதலில் அதையும் பார்த்துவிடுவோம்.

மீன்பிடி ஊர் மாடி ஊரான கதை

அலிகான்டே என்னும் துறைமுக நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது பெனிடோர்ம். நடுவில் கடலுக்குள் மூக்கு நீட்டியதுபோல ஒரு பாறை மேடு. அதன் மேல்தான் பழைய ஊர். நீல நிறக் கூரைக் குமிழ்கள் கொண்ட மாதா கோயில் ஒன்று அங்கே கண்ணைப் பறிக்கும். மேட்டின் கிழக்கே ஒரு கடற்கரை, மேற்கே இன்னொன்று. கிழக்கே இருப்பது லெவான்டே, இரண்டு கிலோமீட்டர் நீளம். மேற்கே இருப்பது பொனியென்டே, மூன்று கிலோமீட்டர். சூரியன் எழும் திசை, விழும் திசை என்பதுதான் அந்தப் பெயர்களுக்குப் பொருள்.

1950ஆம் ஆண்டில் இந்த ஊரின் மக்கள்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. இன்று ஏறத்தாழ எழுபதாயிரம். கோடை மாதங்களில் வந்து தங்குகிறவர்களைச் சேர்த்தால் அது பல மடங்காகிவிடும். எழுந்து நிற்கும் மாடிகளுக்குக் கணக்கே இல்லை. 2002இல் திறக்கப்பட்ட ‘கிரான் ஹோட்டல் பாலி’ என்ற ஒரே கட்டடத்தின் உயரம் 186 மீட்டர். நம் பினாங்கு கொம்தாரைவிடக் குறைவு. ஒரு காலத்து மீன்பிடி ஊரில் இது!

இந்த மாற்றத்துக்கு வித்திட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பெட்ரோ சராகோசா. 1950களில் அவ்வூரின் மேயராக இருந்தவர். மீனை நம்பி இனி ஊர் பிழைக்காது, வெயிலையும் கடலையும் காட்டித்தான் பிழைக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். 1956இல் ஊருக்கு ஒரு முழு வரைபடத் திட்டம் தயாரானது. எந்தத் தெரு எங்கே போக வேண்டும், கட்டடத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டது.

அவரைப் பற்றி ஒரு வேடிக்கையான கதையும் உண்டு. வெளிநாட்டுப் பெண்கள் இரண்டு துண்டு நீச்சலுடையில் கடற்கரைக்கு வந்தார்கள். அந்நாளில் ஸ்பெயினை ஆண்டவர் பிராங்கோ என்ற கண்டிப்பான சர்வாதிகாரி. சமயத் தலைவர்களோ அவரைவிடக் கண்டிப்பானவர்கள். மேயர் அந்த உடைக்கு அனுமதி கொடுத்துவிட்டார். ‘மேயரைச் சபையிலிருந்தே நீக்க வேண்டும்’ என்று எதிர்ப்பு கிளம்பியது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தமது வெஸ்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, தலைநகர் மாட்ரிட்டுக்குப் போய், பிராங்கோவையே நேரில் பார்த்து நியாயம் கேட்டார்! வேலை நடந்தது. 2008இல் இறக்கும் வரை இந்தக் கதையை அவரே பலரிடம் சொல்லி மகிழ்ந்தார்.

1959இல் பாட்டு விழா ஒன்றும் தொடங்கினார்கள். 1968இல் அந்த மேடையில் பரிசு வாங்கிய இளைஞர்தான் பின்னாளில் உலகம் முழுதும் புகழ்பெற்ற பாடகர் ஹூலியோ இக்லெசியாஸ். 1967இல் அலிகான்டேயில் விமான நிலையம் வந்தது. அதன் பிறகு கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

சந்தடிக்கும் விலை உண்டு

கூட்டம் வந்தால் காசு வரும். உண்மைதான். ஆனால், கூட்டம் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் வேண்டுமே?

1978இல் கடும் வறட்சி. ஊரில் குழாய்கள் வறண்டுபோயின. கடைசியில் கப்பலில் தண்ணீர் கொண்டுவந்து இறக்க வேண்டியதாயிற்று. கண்ணுக்கு எட்டிய தூரம் கடல்; குடிக்கக் கப்பலில் தண்ணீர்! அந்தப் பாடத்துக்குப் பிறகு சுற்றுவட்டார ஊர்களும் விவசாயிகளும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பட்டணத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து விவசாயிகளின் தோட்டங்களுக்குப் பாய்ச்சுவது; அதற்கு ஈடாக விவசாயிகள் தங்கள் பங்கு நல்ல நீரைப் பட்டணத்துக்கு விட்டுக்கொடுப்பது. மாடியில் தங்கும் விருந்தாளி குழாயைத் திறக்கும்போது வரும் நீரில், எங்கோ மரத்துக்குப் பாத்தி கட்டும் ஒருவரின் விட்டுக்கொடுப்பும் கலந்திருக்கிறது.

இன்னொரு விலையும் உண்டு. அதை நம் பெண்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

ஓர் அறையை விருந்தாளி காலி செய்துவிட்டுப் போனால், அடுத்தவர் வருவதற்குள் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். கட்டில் விரிப்பு, குளியலறை, தரை, குப்பை எல்லாவற்றையும் ஒரு பெண்தான் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை அறை என்று கணக்கு. இத்தனை மரம் வெட்டினால்தான் ஒரு நாள் சம்பளம் என்ற கணக்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2012க்குப் பிறகு பல ஹோட்டல்கள் இந்த வேலையைக் குத்தகைக்காரர்களிடம் விட்டன. வேலை அதேதான், சம்பளம் குறைந்தது. ஸ்பெயின் முழுவதிலும் உள்ள இந்தத் துப்புரவுப் பெண்கள் ஒன்றுகூடி 2016இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். பெயர் ‘லாஸ் கெலிஸ்’. ‘துப்புரவு செய்கிறவர்கள்’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொற்களைச் சுருக்கி, வேடிக்கையாக அவர்களே வைத்துக்கொண்ட பெயர் அது. பெனிடோர்மிலும் அவர்கள் குரல் கேட்டது. மணிக்கட்டும் தோளும் முதுகும் வேலையால் தேய்கின்றன, அவற்றைத் தொழில் நோய் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. 2018 ஏப்ரலில் நாட்டின் பிரதமரே அவர்களை அழைத்துப் பேச நேர்ந்தது. 2021இல் வந்த தொழிலாளர் சட்டத் திருத்தம் குத்தகை வேலைக்காரர்களின் சம்பள விஷயத்தில் ஓரளவு நியாயம் செய்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் தெரியுமா? கடற்கரை என்பது விருந்தாளிக்கு மட்டும் உரியது அல்ல. பிறர் ஓய்வெடுக்க உழைக்கிறவளுக்கும் ஓய்வு நாள் உண்டு. அவளும் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, காசு கொடுக்காமல், கடலில் கால் நனைக்க ஓர் இடம் வேண்டும். இப்போது சிமோ மாமாவின் குடாவுக்குப் போகலாம்.

மலையடியில் ஒரு கைப்பிடி மணல்

லெவான்டே கடற்கரையின் கிழக்குக் கோடிக்கு வந்துவிட்டோம். அதற்குமேல் கடைகளும் மாடிகளும் குறைந்துகொண்டே போகும். எதிரே செர்ரா ஜெலாடா என்ற மலை. ‘உறைந்த மலை’ என்பது பெயரின் பொருள். பனி ஏதும் கிடையாது, பெயர்தான் அப்படி. அதன் உச்சி 438 மீட்டர். ஊர்ப் பக்கம் சாய்ந்து இறங்கும் அந்த மலை, கடல் பக்கத்தில் கத்தியால் வெட்டியதுபோலச் செங்குத்தாக நிற்கிறது. சில இடங்களில் செங்குத்துப் பாறை மட்டும் 300 மீட்டர் உயரம்.

மலையோரச் சாலையில் மேடேறி அரை மணி நேரத்துக்குள் நடந்து போய்விடலாம். அடுத்தடுத்து இரண்டு சிறு குடாக்கள். ஒன்று அல்மத்ராவா, மற்றது நம் சிமோ மாமாவுடையது. இரண்டு பக்கமும் பாறை. நடுவே கொஞ்சம் மணலும் கூழாங்கல்லும். லெவான்டேயில் பார்த்த நாற்காலிப் படை இங்கே இல்லை. தண்ணீர் தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. கண்ணாடி முகமூடி மாட்டிக்கொண்டு குனிந்தாலே பாறை இடுக்கில் மீன்கள் தெரியும். அலையின் ஓசையும், கூழாங்கற்கள் உருளும் ஓசையும்தான் கேட்கும்.

கடலுக்குள் சற்றுத் தூரத்தில் முக்கோண வடிவில் ஒரு குட்டித் தீவு தெரிகிறதே, அதற்கும் ஒரு கதை உண்டு. ஊருக்குப் பின்னால் புச் கம்பானா என்று 1,400 மீட்டருக்கும் உயரமான மலை ஒன்று இருக்கிறது. அதன் உச்சியருகில் பல் விழுந்ததுபோல ஒரு பிளவு. ரோல்தான் என்ற அரக்கன் ஒரு பெண்மேல் உயிரையே வைத்திருந்தானாம். ‘இன்று சூரியன் மறையும்போது அவள் உயிர் போய்விடும்’ என்று ஒருவர் சொன்னாராம். அவன் ஓடினான். மலை சூரியனை மறைக்கிறது என்று கண்டு, மலையில் ஒரு துண்டைப் பெயர்த்துக் கடலில் எறிந்தான். அந்தப் பிளவு வழியாக வெயில் இன்னும் சில நிமிடம் அவள்மேல் விழுந்தது. பிறகு அவள் இறந்தாள். கடலில் விழுந்த துண்டுதான் தீவு. கதைதான். ஆனாலும், சில நிமிட வெயிலுக்காக மலையைப் பெயர்த்தவனை நினைத்தால் மனம் இளகுகிறது அல்லவா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டு மாதத்தில் இந்தச் சின்னக் குடாவும் நிரம்பிவிடும். நூறு மீட்டர் இடத்தில் எத்தனை பேர் உட்கார முடியும்? கோடைக்கு முன்னும் பின்னும், காலை வேளையில் போகிறவர்களுக்குத்தான் அந்த அமைதி முழுமையாகக் கிடைக்கும்.

அமைதிக்கு முன் அங்கே உழைப்பு இருந்தது

பக்கத்துக் குடாவின் பெயர் அல்மத்ராவா என்றேனே, அது அரபு மொழியிலிருந்து வந்த சொல். ‘அடிக்கும் இடம்’ என்று பொருள். மீனை அடித்துப் பிடிக்கும் இடம்.

நாம் பாசாரில் தொங்கோல் வாங்குகிறோம். அந்தக் குடும்பத்தில் பெரிய அண்ணன் ஒருவர் இருக்கிறார். நீலத்துடுப்புச் சூரை என்று பெயர். ஒரே மீன் இருநூறு கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு வசந்த காலத்திலும் அது அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் முட்டையிட வரும். கரையிலிருந்து கடலை நோக்கி நீளமாக வலையைச் சுவர்போல நிறுத்துவார்கள். மீன் கூட்டம் அதில் மோதி, ஆழத்தை நோக்கித் திரும்பும். திரும்பும் வழியில் வலையாலான அறைகள் இருக்கும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறை; அங்கிருந்து கடைசி அறை. அங்கே போனால் திரும்ப முடியாது. நம் கேலோங்கைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை உடனே விளங்கும். கழிகளுக்குப் பதிலாக நங்கூரமும் மிதவையும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி அறையின் வலையைப் பல படகுகளிலிருந்து ஆட்கள் ஒன்றாக இழுத்து மேலே தூக்குவார்கள். ஒருவர் பிடி தளர்ந்தால் எல்லார் உழைப்பும் வீண். இந்தத் தொழிலில் பெனிடோர்ம் ஆட்களுக்குப் பெரிய பெயர். வலை எங்கே போட வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்று கணிக்கும் தலைவர்களை அந்த ஊரிலிருந்துதான் தேடி அழைப்பார்கள். ஸ்பெயினின் மற்றக் கரைகளுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் அவர்கள் மாதக் கணக்கில் வேலைக்குப் போனார்கள். ஆண்கள் கடலில், வீடும் நிலமும் பெண்கள் கையில். தொழிலுக்காக ஊரை விட்டுப் போவதும், போனவர் வரும் நாளை எண்ணிக் காத்திருப்பதும் நமக்கு மட்டுமே உரிய கதை இல்லை.

மீன் வரத்துக் குறைந்தது. 1950களின் தொடக்கத்தோடு பெனிடோர்மின் அந்த வலைத் தொழில் முடிந்தது. அதே சமயத்தில்தான் மேயர் சராகோசா வெயிலை விற்கும் யோசனையோடு வந்தார். வலை இழுத்தவர்களின் பிள்ளைகள் ஹோட்டல் வேலைக்குப் போனார்கள். பழைய தொழிலின் நினைவாக மிஞ்சியது ஒரு குடாவின் பெயர். இன்று அங்கே துண்டு விரித்துப் படுப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கண்ணுக்குத் தெரியாத காவல்காரன்

அந்தக் கரையின் தண்ணீர் ஏன் அவ்வளவு தெளிவு? தண்ணீருக்கு அடியில் ஒரு புல்வெளி இருக்கிறது. பொசிடோனியா என்று பெயர். பாசி என்று பலர் நினைப்பார்கள். இல்லை, வேர், இலை, பூ, காய் எல்லாம் உள்ள உண்மையான செடி அது. இந்த இனம் உலகத்தில் மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்கிறது.

அதன் வேர் கடலடி மணலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதன் இலைகள் அலையின் வேகத்தைக் குறைக்கும். தண்ணீரில் மிதக்கும் தூசியைக் கீழே படிய வைக்கும். மீன் குஞ்சுகளுக்கு அதுதான் ஆயாக்கொட்டகை. குளிர்காலத்தில் காய்ந்த இலைகள் கரையில் மெத்தைபோல ஒதுங்கும். பார்க்க அசிங்கம் என்று சில ஊர்களில் வாரிக் கொட்டிவிடுவார்கள். ஆனால், குளிர்காலப் புயல் அலை மணலை அரித்துக்கொண்டு போகாமல் தடுப்பது அந்தக் காய்ந்த இலைகள்தான்.

இந்தப் புல் ஆண்டுக்குச் சில செண்டிமீட்டர்தான் பரவும். உல்லாசப் படகுக்காரர் ஒருவர் நங்கூரத்தை எறிந்து இழுத்தால், ஒரு நிமிடத்தில் பெயர்ந்துபோவது மீண்டும் வளர ஒரு மனிதனின் ஆயுள் போதாது.

தப்பியது எப்படி?

இவ்வளவு பெரிய சந்தைக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன இடம் எப்படித் தப்பியது? மலையடி வரை வீடுகள் வந்துவிட்டன. இன்னும் ஏறியிருக்கலாமே?

காரணம் மூன்று.

முதல் காரணம் கொஞ்சம் விசித்திரமானது. பலரும் கேலி செய்கிற அந்த உயரமான மாடிகளே ஒரு விதத்தில் உதவின. அந்தக் கரையோரத்தில் வேறு பல ஊர்கள் தனித்தனி வீடுகளாகக் கட்டி, மைல் கணக்கில் மலையையும் கரையையும் விழுங்கிவிட்டன. பெனிடோர்ம் மேல்நோக்கி வளர்ந்தது. ஆயிரம் பேரை ஒரே கட்டடத்தில் அடுக்கியதால், ஆயிரம் பேருக்கான நிலம் மிஞ்சியது. அழகு என்று சொல்ல வரவில்லை. ஆனால், இடத்தைக் குறைவாகத் தின்ற ஊர் அது என்று நகர அமைப்பு வல்லுநர்கள் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, சட்டம். பிராங்கோ இறந்தபின் 1978இல் ஸ்பெயின் மக்கள் புதிய அரசியல் சாசனம் எழுதிக்கொண்டார்கள். கடற்கரை நாட்டின் பொதுச் சொத்து என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். 1988இல் வந்த கடற்கரைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. கரையை யாரும் வாங்க முடியாது. வேலி போட முடியாது. கரைக்குப் பின்னால் உள்ள நிலம் தனியாருடையதாக இருந்தாலும், ஓரமாக ஆறு மீட்டர் அகலத்துக்கு மக்கள் நடக்க வழிவிட வேண்டும். அதனால்தான் சிமோ மாமாவின் குடாவுக்கு வாசல் கதவும் இல்லை. நுழைவுச் சீட்டும் இல்லை. அறையில் தங்கிய விருந்தாளிக்கும், அந்த அறையைக் கூட்டியவளுக்கும் அங்கே ஒரே உரிமை.

மூன்றாவது, 2005இல் செர்ரா ஜெலாடா மலையும் அதைச் சுற்றிய கடலும் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வலென்சியா மாநிலத்தில் நிலத்தையும் கடலையும் சேர்த்துக் காத்த முதல் பூங்கா அதுதான். பரப்பில் பெரும்பகுதி கடல். அந்தப் புல்வெளியும் அதில் அடக்கம்.

ஆக, அந்த அமைதி தானாக மிஞ்சியது அல்ல. யாரோ திட்டம் போட்டார்கள். யாரோ சட்டம் எழுதினார்கள். யாரோ ‘இதற்குமேல் கட்டாதே’ என்று எல்லை போட்டார்கள். சின்ன இடம்தானே என்று விட்டிருந்தால், அதுவும் ஒரு ஹோட்டலின் பின்கட்டாகப் போயிருக்கும்.

நமக்கு என்ன?

ஸ்பெயினுக்குப் போக நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? தோட்டத்து லாரியில் பாயும் சோற்றுப் பானையும் ஏற்றிக்கொண்டு மோரிப்புக்கும் போர்ட்டிக்சனுக்கும் போய், நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து, தோல் உரிய வீடு திரும்பியவர்கள் நாம். அந்த ஒரு நாள் நினைவை ஓர் ஆண்டு முழுக்கப் பேசியவர்கள். கடற்கரைக்கு உழைக்கும் குடும்பத்தின் வாழ்க்கையில் என்ன மதிப்பு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதனால் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். கடற்கரைக்குப் போகும்போது, எல்லாரும் போகும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நடந்து பாருங்கள். பாறைக்கு அப்பால் ஒரு சின்னக் கரை இருக்கும். சாப்பிட்ட பொட்டலத்தையும் போத்தலையும் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள். சின்னக் கரையில் சின்னக் குப்பையும் பெரிதாகத் தெரியும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் புல்லையும் இலையையும் அசிங்கம் என்று உதறாதீர்கள். நேற்றுவரை நடந்துபோன கரைக்குத் திடீரென்று வேலி வந்தால், ‘யார் போட்டது, எந்த உரிமையில்?’ என்று நாலு பேராகச் சேர்ந்து மரியாதையோடு கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக்கொடுங்கள். அந்தக் கரையில் முன்பு யார் மீன் பிடித்தார்கள், அதன் பெயருக்கு என்ன பொருள் என்று பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அல்மத்ராவா என்ற பெயர் மட்டும் மிஞ்சியதுபோல, நம் பக்கத்துக் கரைகளிலும் பெயர்கள் மட்டும் மிஞ்சிக் கிடக்கலாம். பொருள் தெரிந்த கடைசித் தாத்தா போவதற்குள் கேட்டு வைப்பது நல்லது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு சின்னக் கரை, ஓர் ஆற்றுத்துறை, ஓர் ஓடைக்கரை இருக்கும். அதன் பெயரையும் கதையையும் எனக்கு எழுதுங்கள். வரும் கடிதங்களில் நல்லவற்றை இதே பக்கத்தில் எல்லாரும் படிக்கத் தருகிறேன்.

அடுத்த இதழில் வேறோர் ஊரில் சந்திப்போம். வணக்கம்.